கோழி அடையும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? தானியங்கிக் கதவு வாங்கும் முன்

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. மாவட்டம் பாலக்காடு, வீட்டில் பேசுவது தமிழ், தீவனம் வாங்குவது பொள்ளாச்சியில். 24 கோழிகள் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் சிறுவிடை நாட்டுக்கோழி, கூடவே நாலைந்து கிராமஸ்ரீ கலப்பினக் கோழி, ஒரு பெருவிடைச் சேவல். கூண்டுக்குத் தானாகத் திறந்து மூடும் கதவு வைத்து மூன்று வருடம் ஆகிறது. புதிதாகக் கோழி வாங்கியவர்கள் வந்து பார்த்துவிட்டு, "நாங்களும் ஒண்ணு வச்சிரலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம், வேண்டுமென்றால் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் ஏன் வைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை பொள்ளாச்சியில். பஸ் பிடித்து வீடு சேர ஏழரை ஆகிவிடும். அம்மாவுக்கு முட்டிவலி; இருட்டில் தோப்புக்குள் நடக்கச் சொல்ல மனம் வராது. ஒரு மார்கழி இரவு நான் வந்து சேர எட்டு மணி. கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது. காட்டுப்பூனை ஐந்து கோழிகளை முடித்திருந்தது. அதில் ஒன்று அடுத்த வாரம் அடையில் உட்கார வேண்டியது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

முதல் வேலை: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

கதவின் விலையை விசாரிக்கும் முன் ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள், சாயங்காலம் மூன்று விஷயங்களை எழுதுங்கள். முதல் கோழி எத்தனை மணிக்குக் கூண்டுக்குள் போனது, கடைசிக் கோழி எத்தனை மணிக்குப் போனது, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள்.

கடைசிக் கோழியின் நேரம்தான் முக்கியம். எல்லாக் கூட்டத்திலும் மற்றவற்றிடம் கொத்து வாங்கும் கோழி ஒன்று இருக்கும். மற்றவை எல்லாம் ஏறி இடம் பிடித்த பிறகுதான் அது உள்ளே போகும். கதவு மூடும் நேரத்தை அந்தக் கோழியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது குறிப்பைப் பாருங்கள். ஏழு நாளும் யாராவது பெரியவர் வீட்டில் இருந்தார், நடக்கவும் முடிகிறது என்றால் உங்களுக்குக் கதவு தேவையில்லை. அந்தக் காசில் கூண்டைப் பலப்படுத்துங்கள். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் யாரும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

யார் திருடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தானியங்கிக் கதவு ராத்திரித் திருடனை மட்டும்தான் தடுக்கும். பகலில் வருகிறவனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இது தெரியாமல் கதவு வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

கீரி பகலில் வேட்டையாடும் பிராணி. காலை ஒன்பது மணிக்கும் வரும், பட்டப்பகலிலும் வரும். குஞ்சைத் தூக்கும் காக்கையும் வல்லூறும் அப்படித்தான். இவற்றுக்கு மருந்து மேல்வலை போட்ட பட்டி, ஒளிந்துகொள்ளப் புதர், உஷாரான ஒரு சேவல். காட்டுப்பூனையும் மரநாயும் இருட்டிய பிறகு வருபவை. மரநாயை எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மலையாளத்தில் மரப்பட்டி என்பார்கள். மலையாளத்தில் பட்டி என்றாலும் நாய்தான், இரண்டு மொழியிலும் ஒரே பெயர். தெருநாய் எந்த நேரமும் வரும். நாய் புகுந்த கூண்டில் கோழிகள் கடிபட்டு அங்கங்கே கிடக்கும், தின்னாமலே விட்டுப் போயிருக்கும். குஞ்சு மட்டும் தடயமே இல்லாமல் குறைந்தால் பாம்பையோ பெருச்சாளியையோ நினையுங்கள். கூண்டு ஓரத்தில் புதிதாக மண் தள்ளிய வளை இருந்தால் பெருச்சாளிதான்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கீரி, மரநாய், காட்டுப்பூனை மூன்றுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம். நம் கோழியைக் காப்பது நம் கூண்டின் வேலை, அவ்வளவுதான்.

கூண்டு கதவுக்குத் தகுதியானதா?

பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்க்கிறவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. நின்ற வாக்கில் கட்டிய கூண்டு இருப்பவர்கள், ராத்திரி உள்ளே ஒருவரை டார்ச்சோடு நிறுத்தி வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் ஒவ்வொரு இடமும் ஓட்டைதான். விரல் நுழையும் இடத்தில் எலி நுழையும், குட்டிப்பாம்பும் நுழையும்.

கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். சுவரோரம் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ளும் இறக்குங்கள், தோண்டுகிறவை தோற்றுப்போகும்.

அதே சமயம் காற்று வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். தகரம் அடைத்த பெட்டி மாதிரி கூண்டு கட்டி, அதில் தானியங்கிக் கதவு வைத்து, ஒரு நாள் காலையில் அது திறக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்பக்கம் இரண்டு புறமும் வலைச் சன்னல் இல்லாத கூண்டுக்கு நான் இந்தக் கதவைச் சொல்லவே மாட்டேன்.

டைமரா, வெளிச்சம் பார்ப்பதா?

கடையில் கிடைக்கும் கதவுகள் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, நாம் வைத்த மணிக்குத் திறந்து மூடும். இன்னொன்று, சென்சார் வெளிச்சத்தைப் பார்த்து விடிந்ததும் திறந்து, இருட்டியதும் மூடும். இரண்டும் சேர்ந்ததும் உண்டு.

வெளிநாட்டு வீடியோக்களில் வெளிச்ச சென்சாரைத்தான் உயர்வாகப் பேசுவார்கள். அவர்கள் ஊரில் கோடைக்கும் குளிருக்கும் அந்தி நேரம் மணிக்கணக்கில் மாறும். டைமரைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் பக்கம் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் நடுவில், 6 மணிக்குச் சற்று முன்னால். மிகத் தாமதமாக மறைவது ஜூலையில், 6:50 வாக்கில். ஆண்டு முழுவதற்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அந்தி வெளிச்சமும் நம் ஊரில் நீளாது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும்.

அதனால் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றினால் போதும். நான் புரட்டாசி முதல் மார்கழி வரை மாலை 6:40 என்று வைப்பேன். தை பிறந்ததும் 7:15க்கு மாற்றிவிடுவேன், ஆவணி முடியும் வரை அதுதான். பொங்கலன்றைக்கு மாற்றுவதால் மறப்பதும் இல்லை. கொல்லங்கோடு, முதலமடை மாதிரி மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மலை மறைத்து வெளிச்சம் முன்னாலேயே குறையும். அவர்கள் தங்கள் நோட்டில் உள்ள கடைசிக் கோழி நேரத்தோடு இருபது நிமிடம் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

வெளிச்ச சென்சாரால் நான் பட்டதையும் சொல்கிறேன். முதலில் வாங்கியது அந்த வகைதான். ஆடி மாதம் ஒரு நாள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கருமேகம் திரண்டு வந்து ஐந்தரைக்கே தோப்புக்குள் இருட்டிவிட்டது. கதவும் மூடிக்கொண்டது. மேகம் விலகி வெளிச்சம் வந்தபோது திறந்ததா, திறக்கவில்லையா, யாரும் பார்க்கவில்லை. நான் வந்தபோது மூன்று கோழிகள் மூடிய கதவுக்கு முன்னால் மழையில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. நான்காவதைக் காணவில்லை. மறுநாள் வாய்க்கால் ஓரம் இறகுதான் கிடைத்தது. அந்தக் கோழி கூண்டுக்கு நன்றாகப் பழகியவள். சாயங்காலம் நேரம் தவறாமல் வருகிறவள். தவறு அவளுடையது இல்லை.

தென்னை, மா நிழல் அடர்ந்த இடத்தில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். வாசல் விளக்கு பட்டால் ராத்திரி திறந்துகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. சென்சார்தான் வேண்டும் என்றால், "இந்த மணிக்கு முன்னால் மூடாதே" என்று பூட்டு வைக்க முடிகிற வகையாகப் பாருங்கள். புதியவர்களுக்கு வெறும் டைமரே போதும் என்பது என் முடிவு.

காலையில் திறக்கும் நேரத்துக்குச் சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை. கோழிகள் பெரும்பாலும் முற்பகலில்தான் முட்டையிடும். எட்டு மணிக்கு மேல் திறந்தால் நிறைய முட்டை கூண்டுக்குள்ளேயே கிடைக்கும், வேலியோரம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதுவரை உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் மட்டும் நான் ஆறரைக்கே திறக்க வைத்துவிடுவேன்.

எதைப் பார்த்து வாங்குவது

பலகை மேலும் கீழும் ஓடுவது, பக்கவாட்டில் நகர்வது என இரண்டு அமைப்பு. கயிற்றில் தொங்கும் பலகை விலை குறைவு. ஆனால் வெளியிலிருந்து பூனையோ நாயோ நகத்தைக் கொடுத்து மேலே தூக்கிவிடலாம். மூடியதும் தானே பூட்டிக்கொள்கிறதா என்று கடையிலேயே கையால் தூக்கிப் பாருங்கள். பல்சக்கரத்திலோ திருகுக் கம்பியிலோ ஓடும் கதவைக் கையால் தள்ள முடியாது, அதுதான் நல்லது.

மூடும்போது நடுவில் கோழி நின்றால் கதவு நிற்க வேண்டும், இல்லை திரும்ப மேலே போக வேண்டும். ஒரு சின்னப் பூசணிக்காயை வாசலில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நசுக்கினால் வேண்டாம்.

வாசல் அளவு சிறுவிடைக்கு ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் தாராளம். பெருவிடைச் சேவல் வைத்திருப்பவர்கள் உயரத்தை ஒன்றரை அடியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் அது குனிய மனமில்லாமல் வெளியிலேயே தங்கிவிடும். வெளிநாட்டு அளவில் வரும் கதவுகள் சில இதைவிடக் குட்டை. டேப் கொண்டு போங்கள்.

மின்சாரம் என்றால் வீட்டு லைனிலிருந்து ஒயர் இழுப்பதை நான் சொல்ல மாட்டேன். சித்திரை மாதக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடி மின்னலோடுதான் வரும், கரண்ட் போவதும் அப்போதுதான். கரண்ட் போய் வந்தால் சில டைமர்களின் மணி பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். அப்புறம் கதவு நடு ராத்திரியில் திறக்கும். பேட்டரியில் ஓடுவது, கூடவே சின்ன சோலார் தகடு உள்ளது என்றால் நம் வெயிலுக்கு நன்றாகப் போகும். தகட்டைத் தென்னை நிழல் விழாத இடத்தில் வையுங்கள். தோப்புக்குள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சட்டம் அடித்து, 12 வோல்ட் கியர் மோட்டாரும் டைமரும் வைத்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்துகொள்ளலாம். என் இப்போதைய கதவு அப்படிச் செய்ததுதான். பலகை எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் மேலே ஒன்று, கீழே ஒன்று கட்டாயம் வேண்டும். கெட்டால் அந்த ஊரிலேயே சரி செய்ய ஆள் உண்டு என்பது பெரிய நிம்மதி.

விலை எவ்வளவு என்று கேட்பீர்கள். அது கடைக்குக் கடை மாறும். கதவின் விலையை உங்கள் சந்தையில் ஒரு நல்ல வெடைக்கோழி விற்கும் விலையால் வகுத்துப் பாருங்கள். பத்து என்று வந்தால், பத்துக் கோழியைக் காப்பாற்றினால்தான் கதவு தன் காசைத் திரும்பத் தரும். போன வருடம் ராத்திரியில் எத்தனை இழந்தீர்கள்? ஐந்தாறு கோழி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது.

மாட்டும்போதும் பழக்கும்போதும்

கீழ்ச்சட்டத்தைத் தரையோடு வைக்காதீர்கள். கோழி கிளறும். உள்ளே போட்ட உமியும் தென்னை நார்க்கழிவும் சட்டத்தின் பள்ளத்தில் நிறைந்துவிட்டால் பலகை முழுதாக இறங்காது, ஓர் அங்குல இடைவெளி நிற்கும். எலிக்கும் பாம்புக்கும் அது போதும். படுக்கையின் மேல்மட்டத்திலிருந்து நாலைந்து அங்குலம் உயர்த்தி வைத்து, ஏறி வர ஒரு சாய்பலகை கொடுங்கள்.

மோட்டார்ப் பெட்டியின் ஒயர் ஓட்டைகளை எம்சீலால் அடைத்துவிடுங்கள். சிற்றெறும்பு உள்ளே போய்க் கூடு கட்டினால் சுவிட்ச் ஒட்டாது.

நாட்டுக்கோழிக்கு மரம் ஏறிப் படுக்கும் புத்தி உண்டு. முருங்கையோ மாமரமோ கைக்கெட்டினால் அங்கேதான் அடையும். அப்படிப் பழகிய கோழிக்குக் கதவு மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். எட்டு, பத்து நாள் கூண்டுக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்து வையுங்கள். அதற்குப் பிறகு அதுவே வீடு என்று வந்துவிடும். உள்ளே கோழி ஏறிப் படுக்கும் அடைகட்டை போதுமான நீளம் இருக்க வேண்டும், கோழிக்கு முக்கால் அடி வீதம். இடம் போதாவிட்டால் ஓரிரண்டு கோழி மறுபடி மரத்துக்குத்தான் போகும்.

முதல் நான்கு நாள் கதவைத் தானாக ஓட விடாதீர்கள். திறந்தபடி நிறுத்தி, அந்தச் சட்டத்துக்குள் நுழைந்து போகப் பழகட்டும். பிறகு பகலில் இரண்டு மூன்று முறை நீங்களே பட்டனை அழுத்தி மோட்டார்ச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். அதன் பிறகு டைமரைப் போட்டு, ஒரு வாரம் மாலை மூடும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். அந்த ஒரு வாரம் லீவு போட்டாவது நிற்க வேண்டும்.

கதவு செய்யாத வேலைகள்

கதவு வைத்த பிறகும் நான் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போகிறேன். செருப்பைக் கழற்றும் முன் அம்மா கேட்பது, "எல்லாம் அடைஞ்சுதா, எண்ணுனியா?" 24 என்று சொன்னால்தான் காப்பி வரும். எண்ணிக்கை குறைந்தால் அப்போதே தேடினால் கிடைக்கும். வேலியோரப் புதரில் யாருக்கும் தெரியாமல் முட்டையிட்டு அடை உட்கார்ந்த கோழியை அப்படித்தான் இரண்டு முறை கண்டுபிடித்தேன்.

எண்ணும்போதே இரண்டு மூன்று கோழிகளின் கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். சாயங்காலம் அது நிறைந்து கெட்டியாக இருக்க வேண்டும். காலியாக இருந்தால், இறகை உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால், எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ போனால், அதை உடனே தனியாகப் பிரித்து மறுநாள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் ஒரு கூண்டையே இரண்டு மூன்று நாளில் காலி செய்துவிடும். கதவு நேரத்துக்கு மூடிவிடுகிறது என்று கூண்டுப் பக்கமே போகாமல் இருந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, கூண்டு பகல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. முட்டையைத் தேடி வந்த பாம்பு உள்ளே இருக்கும்போதே கதவு மூடிக்கொள்ளலாம். முட்டையை மாலைக்குள் எடுத்துவிடுங்கள். முட்டைப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள்.

குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியை இந்தக் கதவை நம்பி விட வேண்டாம். குஞ்சு சாய்பலகை ஏறத் திணறும், தாய் வெளியிலேயே சிறகை விரித்துக் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதல் ஒன்றரை மாதம் அவர்களுக்குப் பஞ்சாரம்தான்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மார்கழி, தையில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வீசும்போது மண்ணும் தூசும் ஓடுபாதையில் அடையும். அந்த இரண்டு மாதமும் வாரம் ஒரு முறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் போட்டால் தூசு ஒட்டிக்கொள்ளும், போடாதீர்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒரு தடவை போதும். பேட்டரி மாற்றிய உடனே மணியைச் சரிபார்க்க மறக்காதீர்கள்.

ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தால் கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லைச் சோதனைச்சாவடிகளில் வண்டிக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2024 ஏப்ரலிலும் அங்கே வந்தது. அந்த நாட்களில் கோழியை வெளியே மேய விடாமல் வைப்பது நல்லது. அதற்குக் கதவை நாள்கணக்கில் மூடியே நிறுத்தும் வசதி வேண்டும். டைமரை அணைத்தால் மூடிய நிலையிலேயே நிற்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மோட்டார் ஓடாவிட்டால் கையால் திறப்பது எப்படி என்று அவர்களைக் கூட்டி வந்து ஒரு முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். நான் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூண்டின் உள்பக்கம் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். போன ஓணத்துக்கு நாங்கள் இல்லாதபோது கதவு பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சேச்சி அதைப் படித்துப் பார்த்து, கொக்கியைக் கழற்றிப் பலகையைக் கையால் இறக்கிவிட்டு, 24 இருக்கிறது என்று போன் செய்தார்.